காவியும் மீசையும்

ராயபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். நான் கதை எழுதுகிறவன் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தக் கதைகளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற விபரீத ஆசை மட்டும் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடையின் தொலைக்காட்சிப் பெட்டியில் 'காசேதான் கடவுளடா' ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் சீனிவாசன் காவி கட்டிக்கொண்டு சாமியாராக வந்து நின்றார். எத்தனையாவது தடவையோ தெரியாது, நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இதுக்குப் போயி இப்டி சிரிக்கிற? நாம பேசுற பேச்ச நாலு பேருக்கு முன்னால பேசிக் காட்டித் துட்டு பாத்தாங்க. ஊரே சிரிச்சிச்சு. நீயும் கூடச் சேந்து சிரிக்கிறே!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு இது ஒரு சாபக்கேடு. பதில் தோன்றுவதற்குள் டீ ஆறிவிடும். அன்று சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன். அண்ணன் கேட்டது லேசான கேள்வி அல்ல. ஒரு நடிகர் நம்முடைய பாஷையைப் பேசினால் நமக்கு அது மரியாதையா, அவமரியாதையா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த நடிகர் எங்கிருந்து வந்தார், என்ன செய்தார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சீனிவாசன் 1937-ம் ஆண்டு பிறந்தவர். பூர்வீகம் தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம். சிறு வயதிலேயே குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. தகப்பனார் ராஜவேல் முதலியாரும் கலைஞர். நாடகம் எழுதிப் போட்டவர். அவருடைய 'கலாட்டா கல்யாணம்' நாடகத்தில்தான் மகன் முதலில் மேடை ஏறினார். பிறகு பெரம்பூரில் ரயில் பெட்டிகள் கட்டும் ஐ.சி.எப். தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. 1955-ல் நேருவால் திறந்து வைக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை, வடசென்னையில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிய வைத்தது. சீனிவாசன் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே ரயில்வே நாடக மன்றத்தில் சேர்ந்து நடித்தார்.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். தமிழ் சினிமாவின் பழைய பெரிய நடிகர்கள் பலரும் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். பாலையா, ராதா, எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லோருக்கும் அதுதான் பள்ளிக்கூடம். அங்கே வாத்தியார் உண்டு, பிரம்பு உண்டு, மனப்பாடம் உண்டு. வசனம் என்பது ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு பாடம். ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சென்னையில் வேறொரு நாடக உலகம் தலையெடுத்தது. பகலில் உத்தியோகம், சாயங்காலம் ஒத்திகை. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்தவர். நாகேஷ் ரயில்வேயில் இருந்தவர். சீனிவாசன் ஐ.சி.எப்.-காரர். இவர்களுக்கு வாத்தியார் கிடையாது. பக்கத்து மேஜைக்காரரும், கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரும், ஷிப்டு மாறும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறவரும்தான் இவர்களுக்குப் பாடம். பாய்ஸ் கம்பெனிக்காரர் தொண்டையால் கற்றார். இவர்கள் காதால் கற்றார்கள்.

சீனிவாசனுக்குக் காது எப்படிப்பட்டது என்பதற்கு அவருடைய பெயரே சாட்சி. 'கல் மனம்' என்ற நாடகத்தில் அவருக்குத் தேங்காய் வியாபாரி வேஷம். நாடகம் பார்க்க வந்திருந்த கே.ஏ. தங்கவேலு மேடையில் பேசும்போது, இனிமேல் இவரைத் தேங்காய் சீனிவாசன் என்றே அழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

இது நம் ஊரின் அலாதியான பழக்கம். விக்டர் ஹ்யூகோவின் கதையைத் தழுவிய 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்ற இன்ஸ்பெக்டராக நடித்தவர், ஆயுள் முழுக்க ஜாவர் சீதாராமன். ஒரு படத்தின் பெயரையே சுமந்துகொண்டு திரிகிறவர்களும் உண்டு. இங்கிலாந்தில் அலெக் கின்னஸ் 1949-ல் ஒரே படத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக நடித்தார். எட்டுப் பேராக நடித்தும் அவர் அலெக் கின்னஸாகவே இருந்தார். நம் நடிகரோ ஒரே ஒரு தேங்காய்க்காரராக நடித்து, சாகும்வரை தேங்காயாக இருந்தார். வேஷம் அங்கே நடிகரைவிட்டு இறங்கிவிடுகிறது. இங்கே தோளில் ஏறிக்கொள்கிறது. இது ரசிகர்களின் அன்புதான். ஆனால் குணசித்திர நடிகருக்கு இந்த அன்பு ஒரு விலங்கும்கூட.

1965-ல் 'ஒரு விரல்' படத்தில் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் அவர் திரையில் இருந்தார். ஹாஸ்யம், வில்லத்தனம், தகப்பன் வேஷம் என்று எதையும் விட்டு வைக்கவில்லை. 1974-ல் 'கலியுகக் கண்ணன்' படத்தில் முக்கிய வேஷமே அவருடையது. அத்தனை படங்களையும் நான் இங்கே வக்காலத்து வாங்கப் போவதில்லை. அவற்றில் பாதிக்கு மேல் மறக்கத் தகுந்தவை. சொல்லை இழுத்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, குரலைக் கீச்சென்று உயர்த்தி முடிக்கும் பாணி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு படத்தில் எடுபட்டதென்று ஒன்பது படங்களில் அதையே கேட்டு வாங்கினார்கள். அவரும் கொடுத்தார். வீட்டில் உலை வைக்க வேண்டிய எந்தத் தொழிலாளியும் அப்படித்தான் கொடுப்பான்.

எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு வேஷங்கள். அவற்றுக்கிடையே ஒன்பது வருஷம். ஒன்றில் அவர் வேஷம் போட்டு ஊரை ஏமாற்றுகிறார்; மற்றதில் ஒருவன் வேஷம் போட்டு அவரை ஏமாற்றுகிறான்.

முதலாவது, 1972-ல் ஏவி.எம். எடுத்த 'காசேதான் கடவுளடா'. முதலில் நாடகமாக நடந்து பிறகு படமானது. எழுதி இயக்கியவர் சித்ராலயா கோபு. வீட்டுப் பணமெல்லாம் சிற்றன்னை கையில், சிற்றன்னை மனோரமா. பிள்ளைகள் முத்துராமனும் ஸ்ரீகாந்தும் அந்தப் பணத்தை அடிக்கத் திட்டம் போடுகிறார்கள். அந்த அம்மாளுக்குச் சாமியார்களிடம் பக்தி. ஆகவே டீக்கடை அப்பாசாமிக்குக் காவி கட்டி வீட்டுக்குள் கூட்டி வருகிறார்கள். அப்பாசாமிதான் தேங்காய் சீனிவாசன்.

அப்பாசாமி பேசுவது நம்முடைய பேச்சு. துறைமுகத்திலும் மீன் மார்க்கெட்டிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் கேட்கிற பேச்சு. சாமியார் பேசுவது வேறு. மூக்கிலிருந்து புறப்பட்டு மேகத்தில் போய் முடிகிற தெய்வீகப் பேச்சு. சாதாரண நடிகராக இருந்தால் இரண்டையும் இரண்டு வேஷமாகப் பிரித்து நடித்திருப்பார். சீனிவாசன் அப்படிச் செய்யவில்லை. சாமியாரின் கண்ணுக்குள் அப்பாசாமி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஆசீர்வாதம் செய்கிற கை டீ ஆற்றிப் பழகிய கை என்பது நமக்கு மறப்பதே இல்லை. எந்த நிமிஷத்தில் பழைய பேச்சு எட்டிப் பார்த்துவிடுமோ என்று நாமும் அவனோடு சேர்ந்து வியர்க்கிறோம். அது எட்டிப் பார்க்கும்போது சிரிக்கிறோம்.

அண்ணனின் குற்றச்சாட்டு இங்கேதான் வருகிறது. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அண்ணன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. சென்னைத் தமிழ் பேசுகிறவன் படத்தில் வந்தாலே அவன் பிக்பாக்கெட், சாராயம் காய்ச்சுகிறவன், அல்லது முதலாளியின் அடியாள் என்று எழுதி வைத்த காலம் ஒன்று உண்டு. அது முழுக்கக் கழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. காதல் செய்வதற்கும் தாயைப் பார்த்து அழுவதற்கும் கதாநாயகனுக்கு வேறு தமிழ். அடிவாங்குவதற்கு மட்டும் எங்கள் தமிழ். அப்பாசாமியும் ஒரு மோசக்காரன்தான். இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதல் திருடர்கள் யார்? படித்த பிள்ளைகள். நல்ல சட்டை, நல்ல தமிழ். அப்பாசாமி அவர்கள் கூட்டி வந்த கூலி ஆள். இனி, அந்த வீட்டின் வாசற்படியைப் பாருங்கள். டீக்கடைக்காரனாக வந்திருந்தால் அவனைக் கேட்டோடு நிறுத்தியிருப்பார்கள். காவியைக் கட்டிக்கொண்டு, பேச்சை மாற்றிக்கொண்டு வந்ததும் நடுக்கூடத்தில் உட்கார வைத்துக் காலில் விழுகிறார்கள். ஆள் அதே ஆள்தான். மாறியது துணியும் உச்சரிப்பும். அப்படியானால் சிரிப்பு யார் மேல் விழுகிறது? டீக்கடைக்காரன் மேலா, உச்சரிப்பைப் பார்த்து நாற்காலி போடும் வீட்டின் மேலா?

இதைக் கோபு எழுதினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடிகர் இடறியிருந்தால் சிரிப்பு தவறான பக்கம் விழுந்திருக்கும். அப்பாசாமியை ஒரு கோமாளியாக அவர் ஆக்கியிருந்தால் அண்ணன் சொன்னது அப்படியே சரி. சீனிவாசன் அவனைப் புத்திசாலியாக நடித்தார். அந்த வீட்டில் எல்லோரையும்விட வேகமாக யோசிக்கிறவன் அவன்தான். எங்கள் பாஷையில் மூளை இருக்கிறது என்று தமிழ் சினிமா ஒப்புக்கொண்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அது தாய்வீட்டுப் பேச்சு அல்ல. தென்கோடிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரனாக வந்து சென்னைத் தமிழில் வெளுத்து வாங்கிய சந்திரபாபுவும் தூத்துக்குடிக்காரர். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்ததால்தான் இவர்களுக்கு இந்தப் பேச்சின் சங்கீதம் பிடிபட்டதோ என்னவோ. அதிலேயே பிறந்து வளர்ந்த நான் அதைக் காதில் வாங்காமலிருக்கப் பழகியவன். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை சங்கத்து ஆண்டு விழாவில் நாடகம் போடுவார்கள். அப்பாவுக்கு எப்போதும் ஜமீன்தார் வேஷம். வீட்டில் "இன்னாடா" என்று கூப்பிடுகிற மனிதர் மேடையில் செந்தமிழில் முழங்குவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். சொந்தப் பேச்சு அந்த நாடகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு, வேலைக்காரன் வேஷம் போடுகிறவருக்கு. நாங்களே எழுதி, நாங்களே நடித்து, நாங்களே பார்த்த நாடகத்தில்கூட எங்கள் பாஷை வேலைக்காரனுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அப்போது எனக்கு அது வினோதமாகத் தோன்றவில்லை.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் வேலை தேடிப் பட்டணத்து நடுவிலிருந்த ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, இரவல் பூட்ஸ், கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த தமிழ். எதிரே மூன்று பேர். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் ஒரு கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. என்னையறியாமல், "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் புன்னகை செய்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரிப்பை அடக்க முயன்றது தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது இனிமேல் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்த விரதத்தைக் காப்பாற்றியும் வருகிறேன். என் கதைகளில்கூட அது பாத்திரங்களின் வாயில்தான் வரும். என் வாக்கியத்தில் வராது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சீனிவாசனின் இரண்டாவது வேஷம் எனக்குச் சரியாகப் புரிந்தது. 1981-ல் பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு'. விசுவின் வசனம். சின்ன வயதில் எங்கள் தெரு ஆடித் திருவிழாவில் வாடகை வீடியோவில் அதை முதலில் பார்த்தேன். ரஜினிகாந்துக்காகத்தான் பார்த்தேன், எல்லோரும் அதற்காகத்தான் பார்த்தோம். அவர் முழுநீள ஹாஸ்யத்தில் இறங்கிய படம் அது. ஆனால் இப்போது பார்க்கும்போது என் கண் முதலாளி ஸ்ரீராமச்சந்திரமூர்த்தியை விட்டு நகர்வதில்லை.

அந்த முதலாளிக்குச் சில கொள்கைகள் உண்டு. மீசை இல்லாதவனை நம்பக் கூடாது. நாகரிக உடை உடுத்துகிறவனை நம்பக் கூடாது. விளையாட்டு, கேளிக்கை என்று அலைகிறவன் உருப்பட மாட்டான். வேலை கேட்டு வருகிற ரஜினி இதையெல்லாம் முன்கூட்டித் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற சட்டையும் பணிவுமாக வந்து, அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் என்று முழுப் பெயரையும் சொல்லுகிறான். முதலாளி உருகிப்போகிறார். பிறகு பொய் சொல்லி விடுப்பு எடுத்துக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போய் மாட்டிக்கொள்ளும்போது, மீசையில்லாத தம்பி ஒருவன் இருப்பதாக அடுத்த பொய். அந்தத் தம்பிக்கு இந்திரன் என்று பெயர். மூளைக்காரரான முதலாளி அதையும் நம்புகிறார்.

இது 1979-ல் ஹிருஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'கோல் மால்' என்ற ஹிந்திப் படத்தின் தழுவல். அதில் இந்த வேஷத்தைச் செய்தவர் உத்பல் தத். ஆங்கிலேயர் ஜெப்ரி கெண்டலின் நாடகக் குழுவோடு ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்து, பிறகு வங்காள மேடையில் பெரிய ஆளாக விளங்கியவர். அப்பேர்ப்பட்டவர் செய்து பேர் வாங்கிய வேஷத்தை, ஐ.சி.எப். நாடக மன்றத்திலிருந்து வந்தவர் தமிழில் செய்ய வேண்டியிருந்தது. காப்பி அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். உத்பல் தத்தின் முதலாளி ஒரு உறுமல். அவருடைய கோபத்தில் சிரிப்பு வரும். சீனிவாசனின் முதலாளியோ ஒரு பக்தர். முருகனிடம் உள்ள அதே உருக்கம் மீசையிடமும் உண்டு. சந்திரனைப் பார்க்கும்போது அவர் கண்ணில் நனைவது முதலாளியின் திருப்தி அல்ல. ஆண் பிள்ளை இல்லாத தகப்பனின் ஆசை. அதனால்தான் ஏமாறும்போது சிரித்துக்கொண்டே கொஞ்சம் பரிதாபப்படுகிறோம்.

ஏமாறுகிறவனை முட்டாளாக நடிப்பது சுலபம். சீனிவாசன் ஏமாறுகிறவனையும் புத்திசாலியாகவே நடித்தார். அந்த மனிதர் சூட்சுமமானவர், எதையும் சந்தேகப்படுகிறவர், கணக்கில் கெட்டி. அவர் ஏமாறுவது தம் கொள்கையால்தான். மீசையைப் பார்த்து ஆளை எடை போடுகிறவரை, மீசையைக் கொண்டுதான் கவிழ்க்க முடியும்.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1972-ல் காவியைப் பார்த்துக் காலில் விழும் வீட்டுக்குள் அவர் திருடனாக நுழைந்தார். 1981-ல் அதே மாதிரி வீட்டுக்கு அவரே எஜமானராக உட்கார்ந்தார். வெளித் தோற்றத்தை நம்புகிற உலகத்தின் பின்வாசலையும் முன்வாசலையும் அவர் பார்த்துவிட்டார். இடையில் 1980-ல் 'பில்லா'வில் இன்னொரு விதமாகவும் வந்தார். ஹிந்தியில் பிராண் செய்த வேஷம். பிள்ளைகளைப் பிரிந்து தேடுகிற, கால் ஊனமான பழைய கழைக்கூத்தாடி. அங்கே கீச்சுக் குரல் இல்லை, கழுத்து வெட்டு இல்லை. சொல்லைக் குறைத்துக்கொண்டு நின்றார். கேட்டிருந்தால் அவர் இன்னும் எத்தனையோ கொடுத்திருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

1987-ல் சிவாஜி நடித்த 'கிருஷ்ணன் வந்தான்' படத்தைச் சொந்தமாகத் தயாரித்தார். அதே வருஷம் நவம்பர் 9-ந் தேதி பெங்களூரில் காலமானார். ஐம்பது வயது. குணசித்திர நடிகருக்கு ஐம்பது என்பது தொடங்க வேண்டிய வயது. பாலையா 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷிடம் கதை கேட்டு நடுங்கியபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். ஹேமநாத பாகவதரும் தவில் முத்துராக்குவும் அதற்குப் பிறகு வந்தவர்கள். சீனிவாசனுக்கு அந்தப் பருவம் கிடைக்கவில்லை. முதுமையில் அவர் அமைதியாகப் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இவ்வளவையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில், "நீ எழுத்துக்காரன். எத்த வோணா நியாயம்னு பேசுவே" என்றார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவருடைய கைபேசி மணி அடித்தது. பென்ஷன் விஷயமாக யாரோ ஒரு அதிகாரி. அண்ணன் பெஞ்சியிலிருந்து எழுந்தார். தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வணக்கம் ஐயா. சொல்லுங்கள் ஐயா. நான்தான் பேசுகிறேன். தாங்கள் சொன்ன தாள்களை எல்லாம் நேற்றே கொடுத்துவிட்டேனே, ஐயா" என்றார். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்தத் தமிழை நான் கேட்டதே இல்லை. ஒரு எழுத்துப் பிசகவில்லை. என் தகப்பனாரின் ஜமீன்தார்கூட அவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை.

பேசி முடித்துக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாக்கிற?" என்று அதட்டினார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை உயர்த்தி எனக்கு ஒரு ஆசீர்வாதம் செய்தார். கடைக்காரர் உள்பட எல்லோரும் சிரித்தோம். அண்ணன்தான் உரக்கச் சிரித்தவர்.

"ரெண்டு டீ போடுபா" என்றார். "துட்டு தம்பி தரும்."